முதுமையில் மூளை நலனுக்கான உடற்பயிற்சி: எங்கிருந்து தொடங்குவது?

மூளை உடல் எடையில் சுமார் 2 சதவீதம்தான். ஆனால் ஓய்வில் இருக்கும் உடல் செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அதற்கே போய்விடுகிறது. இரத்த ஓட்டம் குறைந்தால் முதலில் தடுமாறும் உறுப்புகளில் அதுவும் ஒன்று. புதிய நினைவுகளைப் பதியவைக்கும் ஹிப்போகேம்பஸ் என்னும் பகுதி முதுமையில் சிறிது சிறிதாகச் சுருங்கும். அமெரிக்காவில் 120 முதியவர்களைக் கொண்டு நடத்தப்பட்டு 2011-இல் வெளியான ஆய்வில், ஓராண்டுக் காலம் நடைப்பயிற்சி செய்தவர்களிடம் அப்பகுதி சுமார் 2 சதவீதம் பெரிதாகியிருந்தது. உடலை நீட்டி மடக்கும் எளிய பயிற்சிகளை மட்டும் செய்தவர்களிடம் அது சுருங்கியிருந்தது. ஒரே ஆய்வை வைத்து உறுதி கூற முடியாது என்றாலும், மூச்சு சற்று வாங்கும் அளவுக்கு நடப்பதே பலன் தரும் என்பது நம்பத்தக்க வழிகாட்டல்தான்.

இருந்தாலும், நெடுநாள் உட்கார்ந்தே பழகியவர் நடையிலிருந்து தொடங்க வேண்டாம் என்பேன். விழுந்துவிடுவோமோ என்ற பயம் இருக்கும்வரை யாரும் வேகமாக நடப்பதில்லை. ஆகவே முதலில் கால்களுக்கு வலு சேர்க்க வேண்டும். சக்கரமில்லாத உறுதியான நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, இருக்கையின் முன்பகுதியில் அமருங்கள். பாதங்கள் தரையில் முழுமையாகப் பதிந்து, முழங்காலுக்குச் சற்றுப் பின்னே இருக்கட்டும். கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, முன்னால் சாய்ந்து எழுந்து நின்று, பிறகு மெதுவாக அமருங்கள். உட்காரும்போது தொப்பென்று விழாமல், இருக்கையைத் தொடும்வரை உடலைத் தாங்கிப் பிடிப்பதில்தான் தொடைத் தசைகளுக்கு உண்மையான வேலை இருக்கிறது. கையூன்றாமல் எழ முடியாதவர் தொடக்கத்தில் ஊன்றியே எழலாம். அடுத்ததாக, மேசையைப் பிடித்தபடி ஒரு காலில் சில விநாடிகள் நின்று பழகுங்கள்.

நடையைப் பொறுத்தவரை, மேற்சொன்ன ஆய்வில் பின்பற்றிய முறையே எளிதானது: முதல் வாரம் 10 நிமிடம், பின்னர் வாரத்துக்கு 5 நிமிடம் கூட்டி, ஏழாவது வாரத்தில் 40 நிமிடம். வேகத்தை அளக்கக் கருவி எதுவும் தேவையில்லை. பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. இதயத் துடிப்பைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு நாடித்துடிப்பின் எண்ணிக்கை சரியான அளவுகோல் அல்ல என்பதால், அவர்களுக்கு இந்தப் பேச்சுச் சோதனையே மேல்.

நடை இயல்பாகிவிட்ட பிறகு, மேடு பள்ளமற்ற, வாகனம் வராத இடத்தில், 100-இலிருந்து மூன்று மூன்றாகக் குறைத்து எண்ணிக்கொண்டே நடந்து பாருங்கள். எண்ணும்போது நடை தடைப்பட்டு நின்றுவிடுபவர்களுக்கு விழும் ஆபத்து அதிகம். அவர்கள் மீண்டும் சமநிலைப் பயிற்சிக்குத் திரும்புவது நல்லது. அடிகளை நினைவில் வைத்து ஆட வேண்டியிருப்பதால், நடனமும் இதே வகையில் உடலுக்கும் சிந்தனைக்கும் ஒருசேர வேலை கொடுக்கிறது.

உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, 65 வயதைக் கடந்தவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பில் ஈடுபட வேண்டும். சமநிலையும் வலுவும் தரும் பயிற்சிகளை வாரத்தில் மூன்று நாளாவது செய்ய வேண்டும். இதை எட்ட முடியாதவர்கள் மனம் தளர வேண்டியதில்லை. அதே வழிகாட்டுதல், சிறிதளவு செய்வதும் ஒன்றும் செய்யாமல் இருப்பதைவிட மேல் என்கிறது.

நெஞ்சில் அழுத்தம், தலைசுற்றல், வழக்கத்துக்கு மாறான மூச்சுத்திணறல் ஆகியவற்றில் எது தோன்றினாலும் உடனே நிறுத்திவிட்டு மருத்துவ உதவியை நாடுங்கள். இதய நோயோ, அண்மையில் விழுந்த அனுபவமோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்ட பிறகே தொடங்க வேண்டும். ஏற்கெனவே டிமென்ஷியா எனும் மறதி நோய் கண்டறியப்பட்டவர்களின் குடும்பத்தினர் ஒன்றை அறிந்திருக்க வேண்டும்: பிரிட்டனில் அத்தகைய நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2018-இல் வெளியான ஆய்வில், கடுமையான பயிற்சி அவர்களின் உடல் திறனைக் கூட்டியதே தவிர, அறிவாற்றல் சரிவைத் தடுக்கவில்லை. ஆகவே அவர்களை வருத்தி வேகப்படுத்தாமல், உடன் ஒருவர் துணையாக வர, அவர்கள் விரும்பும் அளவுக்கு நடக்கவிடுவதே சரி.