நிற்காத மோட்டார்: வெளிநாட்டிலிருந்து குமரிக்குக் குடிவருபவர்களுக்கு

வளைகுடாவில் அடுக்குமாடியில் இருந்தவரை குழாயைத் திறந்தால் தண்ணீர் வந்தது. பம்பு எங்கே இருக்கிறது என்று கேட்கவே தேவை இருக்கவில்லை; அதைப் பார்த்துக்கொள்ளக் கட்டடத்தில் ஆள் இருந்தார். தக்கலையிலோ கருங்கலிலோ கட்டிய சொந்த வீட்டுக்கு நிரந்தரமாகத் திரும்பிய பிறகுதான் கிணறும் மோட்டாரும் மாடித் தொட்டியும் நம் பொறுப்பு என்பது உறைக்கிறது. பெரும்பாலும் இரவு பத்து மணிக்கு மேல், பக்கத்து வீட்டு அக்கா மதிலுக்கு அப்பால் நின்று, "மக்களே, தொட்டி நிறைந்து வழிகிறது, மோட்டாரை நிறுத்து" என்று கூப்பிடும்போது உறைக்கிறது. ஓடிப்போய்ச் சிவப்புப் பொத்தானை அழுத்தினால் மோட்டார் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும்.

அந்த நேரத்தில் காரணம் தேடாதீர்கள். மோட்டாருக்கான எம்.சி.பி.யை, அதாவது மின்பலகையில் அதற்கென்று உள்ள சுவிட்சை, அணையுங்கள், அது எதுவென்று தெரியாவிட்டால் வீட்டு மெயினையே அணையுங்கள். ஈரக் கையோடு பிளக்கைப் பிடுங்கவோ ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்து கை வைக்கவோ வேண்டாம். குடிவந்த முதல் நாளே, பகல் வெளிச்சத்தில், எந்த எம்.சி.பி. மோட்டாருக்கு உரியது என்று கண்டுபிடித்து அதன் மேல் 'மோட்டார்' என்று எழுதி ஒட்டிவிடுங்கள். கசிவு மின்சாரம் 30 மில்லி ஆம்பியரை எட்டினால் இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. வீட்டில் இருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லையென்றால் சோபா வாங்குவதற்கு முன்னால் அதை வாங்குங்கள். கிணற்றுக்குள் கேபிள் இறங்கும் வீட்டில் அது இல்லாமல் பிள்ளைகளை வைத்துக்கொண்டு இருக்கக் கூடாது.

மறுநாள் காலையில் இரண்டு கேள்விகளோடு தொடங்குங்கள். கையால் அணைத்தால் மோட்டார் நிற்கிறதா? மோட்டார் ஓடும்போது தொட்டியில் தண்ணீர் விழுகிறதா? இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்தால் பாதிக் கோளாறு பிடிபட்டுவிடும். தெரியாமல் எலக்ட்ரீஷியனை அழைத்தால், நன்றாக இருக்கும் பெட்டியை மாற்றிவிட்டு அவர் போய்விடக்கூடும்.

கையால் அணைத்தும் நிற்கவில்லை என்றால், கோளாறு பெரும்பாலும் ஸ்டார்ட்டரில் இருக்கும் காண்டாக்டரில்தான். அதன் உள்ளே இரு உலோக முனைகள் ஒட்டியும் விலகியும் மின்சாரத்தை இணைக்கின்றன, துண்டிக்கின்றன. நம் ஊர்ப்பக்கம் மாலை நேரத்தில் வோல்டேஜ் இறங்கும். 230 வர வேண்டிய இடத்தில் 180 வந்தால் காண்டாக்டர் முழுதாகப் பிடிக்காமல் படபடவென்று அடித்துக்கொள்ளும். ஒவ்வொரு அடியிலும் தீப்பொறி பறக்கும். கடைசியில் முனைகள் உருகி ஒட்டிக்கொள்ளும். எறும்பும் பல்லியும் பெட்டிக்குள் புகுந்து நசுங்கினாலும் இதே கதிதான். மெயினை அணைத்த பிறகும் காண்டாக்டரின் அசையும் பகுதி தானாகத் துள்ளி மேலே வரவில்லை என்றால் அது ஒட்டிவிட்டது. உப்புத்தாள் வைத்துத் தேய்த்து ஓட்டலாம் என்று சிலர் சொல்வார்கள். கேட்காதீர்கள், தேய்த்த முனை சில நாட்களில் மறுபடி ஒட்டும். புதிதாக மாற்றச் சொல்லுங்கள். வோல்டேஜ் தினமும் இறங்கினால் மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகம் 94987 94987 எண்ணில் புகார் பதிவு செய்யுங்கள். அது சரியாகாமல் புதுக் காண்டாக்டரும் நிலைக்காது.

கையால் அணைத்தால் நிற்கிறது, தானாக மட்டும் நிற்கவில்லை என்றால் மாடிக்குப் போக வேண்டும். தானியங்கிப் பெட்டி வைத்த வீடுகளில் பெரும்பாலும் தொட்டிக்குள் சென்சார் கம்பிகள் தொங்கும்: அடியில் ஒன்றிரண்டு, மேலே ஒன்று. தண்ணீர் மேல் கம்பியைத் தொட்டதும் அதற்கும் அடிக்கம்பிக்கும் இடையே சிறு மின்சாரம் பாயும். தொட்டி நிறைந்தது என்று பெட்டி அறிந்துகொள்ளும். அந்த மேல் கம்பியை ஒரு முறை வெளியே எடுத்துப் பாருங்கள். செம்மண் கிணற்றுத் தண்ணீர் ஓடும் வீடுகளில் அதன் நுனியில் துருநிறத்தில் வழுவழுப்பான படலம் மூடியிருக்கும். விரலால் தொட்டால் சேறுபோல வழுக்கும். குளச்சல், முட்டம், மணவாளக்குறிச்சிப் பக்கம் என்றால் உப்புக்காற்று இணைப்பைப் பச்சைப் பொடியாக அரித்திருக்கும். தண்ணீர் தொட்டாலும் கம்பிக்குத் தெரியாது. மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும்.

இதை உறுதி செய்ய ஒரு சோதனை இருக்கிறது. மெயினை அணையுங்கள். தொட்டியருகே மேல் சென்சார் கம்பியையும் அடியில் இருக்கும் பொதுக் கம்பியையும் ஒன்றாக முறுக்கிச் சேருங்கள். மெயினைப் போட்டு மோட்டாரைத் தானியங்கியில் விடுங்கள். மோட்டார் ஓடாவிட்டால் பெட்டி நன்றாக இருக்கிறது, சென்சாரைத்தான் சுத்தம் செய்யவோ மாற்றவோ வேண்டும். அப்போதும் ஓடினால் இடையில் கம்பி அறுந்திருக்கும், அல்லது பெட்டிக்குள் மோட்டாரை இயக்கும் ரிலே சுவிட்ச் ஒட்டியிருக்கும். சுத்தம் செய்வது எளிது: உப்புத்தாளால் நுனி பளிச்சென்று தெரியும்வரை தேய்த்துக் கழுவினால் போதும். எஃகு நுனி வைத்த சென்சாராகப் பார்த்து வாங்கினால் துரு குறையும்.

காற்றையும் இடியையும் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வெளியூரில் வாங்கிவரும் கையேட்டில் இவை இருக்காது. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக ஜூன் முதல் செப்டம்பர்வரை வீசும் காற்று தொட்டி மூடியையே தூக்கி எறியும். முப்பந்தலில் காற்றாலைகள் நிற்பது அந்தக் காற்றுக்காகத்தான். தோவாளை வட்டாரத்தில் வீடு என்றால் மூடியைக் கயிற்றால் கட்டிவையுங்கள். மூடி பறந்தால் சென்சார் கம்பியையும் இழுத்துக்கொண்டு போகும். ஏப்ரல், மே மாதங்களிலும் ஐப்பசியிலும் மாலை இடி விழும்போது மாடியிலிருந்து இறங்கும் நீளமான கம்பி மின்னலின் வீச்சை நேராகப் பெட்டிக்குள் கொண்டுவரும். இடி கேட்டதும் மோட்டார் எம்.சி.பி.யை அணைத்துவிடுவது எங்கள் வீட்டு வழக்கம். அணைத்தாலும் அந்தக் கம்பி பெட்டியோடு இணைந்தேதான் இருக்கிறது. அதனால் பெரிய இடிக்குப் பிறகு பெட்டியை நம்பாமல் ஒரு முறை அருகில் நின்று தொட்டி நிறைவதைப் பாருங்கள்.

சில வீடுகளில் சென்சாருக்குப் பதில் மிதவை சுவிட்ச் இருக்கும். அதைக் கையால் தூக்கினால் உள்ளே குண்டு உருண்டு 'டிக்' என்று கேட்க வேண்டும். கேட்காவிட்டாலோ, மிதவைக்குள் தண்ணீர் புகுந்து கனத்தாலோ மாற்ற வேண்டியதுதான். குழாயில் கேபிள் சுற்றிக்கொண்டு மிதவை எழும்ப முடியாமல் கிடப்பதும் அடிக்கடி நடக்கும். புதிதாக மாற்றிய அன்றே கோளாறு என்றால் கம்பி மாறியிருக்கும்: மூன்று கம்பிகளில் இரண்டைத்தான் இணைப்பார்கள். தவறான இரண்டை இணைத்துவிட்டால் தொட்டி காலியாக இருக்கும்போது மோட்டார் ஓடாது, நிறைந்த பிறகு ஓடும்.

இனி இரண்டாவது கேள்வி. மோட்டார் ஓடுகிறது, தொட்டியில் தண்ணீர் விழவில்லை என்றால், நிறையாத தொட்டிக்காகத் தானியங்கி காத்துக்கொண்டிருக்கிறது என்றுதான் பொருள். சித்திரை வெயிலில் கிணற்று நீர், உறிஞ்சுகுழாயின் அடி நுனியில் இருக்கும் ஃபுட்வால்வுக்குக் கீழே இறங்கியிருக்கலாம். ஃபுட்வால்வில் இலையோ மணலோ சிக்கி மூடாமல் இருக்கலாம். உறிஞ்சுகுழாயில் காற்று ஏறியிருக்கலாம். கிணற்றுக்கு மேலே வைத்த மோனோபிளாக் மோட்டார் (மோட்டாரும் பம்பும் ஒரே உடலாக இருப்பது) நடைமுறையில் ஏழு மீட்டர் ஆழத்துக்குமேல் உறிஞ்சத் திணறும். தண்ணீர் இல்லாமல் ஓடினால் சீல் கருகிவிடும். பம்பின் உடல் தொட முடியாமல் சுட்டால் அதன்மேல் பச்சைத் தண்ணீர் ஊற்றாதீர்கள், வார்ப்பிரும்பு விரிசல் விடலாம், ஆறவிட்டுப் பாருங்கள். ஒரு குதிரைத்திறன் மோட்டார் ஒரு மணி நேரம் ஓடினால் ஏறக்குறைய ஒரு யூனிட் மின்சாரம் எடுக்கும். இரவு முழுதும் ஓடினால் எட்டு யூனிட். இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசமாகக் கிடைக்கும் வீட்டில் இது சிறிய இழப்பு அல்ல.

வெளிநாட்டிலிருந்து வருபவர்களின் வீடுகளில் இப்போது அழுத்தப் பம்பு கட்டாயம் ஆகிவிட்டது. அங்கே பழகிய ஷவர் இங்கேயும் வேண்டும் என்பதால். குழாயைத் திறந்தால் இது ஓடும், மூடினால் அழுத்தம் ஏறித் தானாக நிற்கும். நிற்காவிட்டால், பம்பிலிருந்து வீட்டுக்குப் போகும் வால்வைச் சில விநாடிகள் மூடிப் பாருங்கள். உடனே நின்றால் பம்பில் குறையில்லை, வீட்டில் எங்கோ கசிகிறது. முதல் சந்தேகம் கழிப்பறை ஃபிளஷ் தொட்டி. துணிக்குப் போடும் சொட்டு நீலத்தில் நாலு சொட்டு ஃபிளஷ் தொட்டியில் விட்டு, அரை மணி நேரம் யாரும் தொடாமல் வையுங்கள். கோப்பைக்குள் நீலம் இறங்கினால் திருடன் அங்கேதான். வால்வை மூடியும் நிற்காவிட்டால், அழுத்த சுவிட்சுக்குப் போகும் ஊசித்துளை அழுக்கால் அடைந்திருக்கும், அல்லது சுவிட்ச் கேட்கும் அழுத்தத்தைப் பம்பால் தர முடியவில்லை.

கடைசியாகச் சொன்னதை நான் என் சித்தப்பா மகன் வீட்டில் நேரில் பார்த்தேன். அவர் தம்மாமிலிருந்து திரும்பும்போது, அங்கே பயன்படுத்திய நல்ல பம்பைக் கார்கோவில் அனுப்பியிருந்தார். தக்கலையில் பொருத்தியதும் அது ஓடிக்கொண்டே இருந்தது. சுவிட்சை இரண்டு முறை மாற்றினார்கள், குழாய்களையெல்லாம் சோதித்தார்கள், கசிவே இல்லை. பம்பின் மேல் ஒட்டியிருந்த தகட்டைத் துடைத்துப் படித்தபோதுதான் விஷயம் புரிந்தது: 60 ஹெர்ட்ஸ். சவூதி மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், அதாவது விநாடிக்கு 60 சுழற்சி, நம்முடையது 50. மோட்டாரின் வேகம் ஆறில் ஒரு பங்கு குறையும். பம்பு தண்ணீரைத் தள்ளும் உயரமோ வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறைவதால் ஏறக்குறைய எழுபது விழுக்காடுதான் கிடைக்கும். தகட்டில் அதிகபட்சம் 35 மீட்டர் என்று இருந்தது. இங்கே 24 மீட்டர், அதாவது அழுத்த அலகில் 2.4 பார். சுவிட்ச் நிற்கச் சொல்லும் அளவு 2.8 பார். அந்தப் பம்பு ஆயுள் முழுக்க ஓடினாலும் 2.8 பாரை எட்டியிருக்காது. சுவிட்ச் அளவை 2 பாருக்குக் குறைத்ததும் நின்றது. ஆனால் மோட்டார் வழக்கத்தைவிட அதிகமாகச் சுட்டது; 60 ஹெர்ட்ஸுக்குச் சுற்றிய காயிலில் 50 ஹெர்ட்ஸ் அதே வோல்டேஜில் போனால் சூடாகத்தான் செய்யும். துபாய், மஸ்கட், குவைத், தோகா எல்லாம் 50 ஹெர்ட்ஸ்தான். சவூதியிலிருந்து வருபவர்கள்தான் தகட்டைப் படித்துவிட்டுப் பெட்டி கட்ட வேண்டும்.

ஒரு வாரத்தில் அந்தப் பம்பைக் கழற்றிவிட்டு, இங்கேயே வாங்கிய 50 ஹெர்ட்ஸ் பம்பைப் பொருத்தி, சுவிட்சை மறுபடி 2.8இல் வைத்தார்கள். அன்று மாலை நானும் அங்கே நின்றேன். சித்தி சமையலறைக் குழாயை மூடினார்கள். அழுத்தமானியின் முள் மெல்ல ஏறி 2.8ஐத் தொட்டது. 'டக்' என்று பம்பு நின்றது.