கழித்தல் என்றால் எப்போதும் ஏதாவது தொலைய வேண்டுமா?

“8 பென்சில் இருந்தன. 3 தொலைந்துவிட்டன. மீதி எத்தனை?” கழித்தல் சொல்லித்தர உட்காரும் யாருடைய வாயிலும் முதலில் வருவது இந்தக் கணக்குதான். தொலைந்தது, உடைந்தது, பறந்துபோனது. ஆரம்பத்துக்குச் சரி. மாதக்கணக்கில் இதையே கொடுத்துக்கொண்டிருப்பதுதான் நாம் செய்யும் பெரிய தவறு. எதுவும் காணாமல் போகாவிட்டால் அது கழித்தலே இல்லை என்று குழந்தை முடிவு கட்டிவிடுகிறது.

அப்புறம் ஒரு நாள், “அண்ணன் 8 படி ஏறிவிட்டான், தங்கை 5 படிதான் ஏறியிருக்கிறாள். அண்ணன் எத்தனை படி அதிகம்?” என்று கேட்டால் விழிக்கிறது. சில குழந்தைகள் ‘அதிகம்’ என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு 13 என்பார்கள். சிலர் 8 என்றே சொல்வார்கள். “அண்ணனை எட்டிப் பிடிக்கத் தங்கை இன்னும் எத்தனை படி ஏற வேண்டும்?” என்று மாற்றிக் கேளுங்கள். எண்கள் அதேதான், ஆனால் பலருக்குச் சட்டென்று பிடிபட்டுவிடும்.

1983-இல் டாம் ஹட்சன் வெளியிட்ட ஆய்வு இதை அழகாகக் காட்டியது. படத்தில் சில பறவைகள், அவற்றைவிடக் குறைவாகப் புழுக்கள். “புழுக்களைவிடப் பறவைகள் எத்தனை அதிகம்?” என்ற கேள்விக்கு நர்சரிக் குழந்தைகளில் 17 சதவீதம் பேரே சரியாகச் சொன்னார்கள். “ஒவ்வொரு பறவையும் ஒரு புழுவைப் பிடிக்கப் பார்த்தால், எத்தனை பறவைகளுக்குப் புழு கிடைக்காது?” என்று கேட்டதும் அது 83 சதவீதமானது. குழந்தைக்குக் கணக்கு வரவில்லை என்று நாம் அலுத்துக்கொள்ளும் பல நேரங்களில் இடறுவது நம் கேள்விதான்.

எனக்கு எரிச்சல் தருவது இன்னொன்று: “‘மீதி’ என்று வந்தால் கழி, ‘மொத்தம்’ என்று வந்தால் கூட்டு” என்ற குறுக்குவழி. பெட்டியிலிருந்து 3 கோலியை எடுத்துவிட்டேன், இப்போது மீதி 5. முதலில் எத்தனை இருந்தன? ‘மீதி’ இருக்கிறது, ஆனால் கூட்ட வேண்டும். மொத்தம் 9 பட்டன், 4 சிவப்பு, மற்றவை நீலம். நீலம் எத்தனை? ‘மொத்தம்’ இருக்கிறது, ஆனால் கழிக்க வேண்டும். சொல்லை மட்டும் தேடிப் பழகிய குழந்தை கதையைப் படிப்பதே இல்லை. பிரான்சின் கிரனோபிளில், ஒரு கப்பலில் 26 செம்மறி ஆடுகளும் 10 வெள்ளாடுகளும் இருந்தால் கேப்டனின் வயது என்ன என்று 97 மாணவர்களிடம் கேட்டார்கள். 76 பேர் அந்த எண்களை வைத்தே ஒரு வயதைச் சொல்லிவிட்டார்கள்!

இதற்கு எளிய மருந்து உண்டு. முதலில் எண்களை எடுத்துவிட்டுக் கதையைச் சொல்லுங்கள். “பெட்டியில் கொஞ்சம் கோலி இருந்தது. அதில் சிலவற்றை எடுத்துவிட்டேன்.” என்ன நடந்தது, எது நமக்குத் தெரியாது என்று குழந்தை தன் வாயால் சொல்லட்டும். எண்கள் அப்புறம் வரலாம்.

விரலில் பின்னோக்கி எண்ணும்போது 9−3-க்கு “9, 8, 7” என்று எண்ணி 7 என்று முடிப்பது சின்னத் தவறு. ஒன்பதாம் படியில் நிறுத்தி, மூன்று படி இறங்கச் சொல்லுங்கள். நிற்கும் படியை எண்ணக் கூடாது என்பது காலுக்கே புரியும்.

“சின்ன எண்ணிலிருந்து பெரிய எண்ணைக் கழிக்க முடியாது” என்று அவசரத்தில் சொல்வது அப்படியல்ல; அது பின்னால் வந்து கடிக்கும். 52−37 போடும்போது, 2-இல் 7 போகாதே என்று 7-இல் 2-ஐக் கழித்து 25 என்று எழுதுவார்கள். உடனே கடன் வாங்கும் முறையைத் திரும்ப ஒப்பிக்க வேண்டாம். 52 பக்கப் புத்தகத்தில் 37 பக்கம் படித்தாயிற்று. இன்னும் 25 இருந்தால் புத்தகம் 62 பக்கம் ஆகிவிடுமே? 37-லிருந்து 40-க்கு 3, 50-க்கு 10, 52-க்கு 2. ஆக 15.

நடுவில் ஒருநாள், 8−5-க்கு நீயே நாலு கதை சொல் என்று கேட்டுப் பாருங்கள். நாலிலும் ஏதாவது தொலைந்துகொண்டே இருந்தால், மறுபடி படிக்கட்டுக்குப் போக வேண்டியதுதான்.