ஈஸ்ட் செல் எவ்வளவு பெரிதானதும் மொட்டு விடுகிறது என்று பார்ப்பது எப்படி?

மார்த்தாண்டத்தில் என்னிடம் பிராக்டிகல் படிக்கும் பிள்ளைகள் முதலில் ஆப்ப மாவோடுதான் வருவார்கள். வேண்டாம் மக்களே, அரிசி மாவின் ஸ்டார்ச் மணிகளும் ஈஸ்ட்டும் கிட்டத்தட்ட ஒரே அளவு, கண்ணைக் குழப்பும்.

பேக்கரி ஈஸ்ட் ஒரு சிட்டிகையை வெதுவெதுப்பான சர்க்கரைத் தண்ணீரில் ஒரு மணி நேரம் வையுங்கள். கண்ணாடித் தட்டில் சின்னத் துளி, மேலே கவர்சிலிப் (மெல்லிய மூடிக் கண்ணாடி), மைக்ரோஸ்கோப்பில் 400 மடங்கு. துளி பெரிதானால் செல்கள் ஓடிக்கொண்டே இருக்கும்.

ஈஸ்ட் செல்லின் பக்கத்தில் முளைக்கும் மொட்டு பிரிந்து புதுச் செல் ஆகும்: மொட்டு விட்டது தாய், பிரிந்தது மகள். மொட்டு இல்லாத குட்டிச் செல்கள் பெரும்பாலும் புதிதாகப் பிரிந்த மகள்கள். தாய் சீக்கிரமே மறுபடி மொட்டு விடும். மகள் வளர்ந்த பிறகுதான். பிரிவைத் தடுக்கும் ஒரு புரதம், செல் பெரிதாகும்போது நீர்த்துப்போவதே காரணம் என்று ஸ்டான்ஃபோர்டில் ஸ்காட்ஹைம் குழு 2015-இல் எழுதியது. மறுப்பவர்களும் உண்டு.

சரி, அளக்க வேண்டுமா? ஐபீஸ் ஸ்கேலை (கண் வைக்கும் லென்ஸுக்குள் தெரியும் கோடுகளை) முதலில் ஸ்டேஜ் மைக்ரோமீட்டரோடு (துல்லியமான அளவு பொறித்த கண்ணாடித் தட்டோடு) ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.