சேர்வராயன் மலையில் கிளஸ்டர் ஆய்வு: எத்தனை ஊர் வேண்டும்?

ஏற்காட்டைச் சுற்றியுள்ள மலைக்கிராமங்களில் ரத்த அழுத்தக் கண்காணிப்புக்கு ஒரு புதிய முறையைச் சோதிப்பதாக வைத்துக்கொள்வோம். யாருக்குப் புதிய முறை, யாருக்குப் பழையது என்று ஆள்வாரியாகக் குலுக்கினால் பக்கத்து வீட்டுக்கும் செய்தி போய்விடும். ஊர்வாரியாகத்தான் குலுக்க வேண்டும்; இப்படி மொத்தமாகக் குலுக்கும் தொகுதிதான் கிளஸ்டர்.

முதலில் சாதாரணக் கணக்கு. அழுத்தம் கட்டுக்குள் இருப்போர் 60 சதவீதத்திலிருந்து 75 ஆக உயரும் என எதிர்பார்த்தால், 5 சதவீதப் பிழை (இல்லாத வித்தியாசத்தை இருப்பதாகக் காணும் வாய்ப்பு), 80 சதவீதத் திறன் (இருக்கும் வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு) என்றால், புதிய முறை, பழைய முறை என ஒவ்வொரு பிரிவுக்கும் சுமார் 150 பேர்.

ஆனால் ஒரே ஊர்க்காரர்கள் ஒரே சாயலில் இருப்பார்கள். அந்த ஒட்டுறவு (ஐசிசி) 0.05, ஊருக்கு 20 பேர் என்றால் பெருக்கக் காரணி (ஆட்களை எத்தனை மடங்காக்க வேண்டும் என்பது) 1 + 19 × 0.05 = 1.95. ஆக பிரிவுக்கு 293 பேர், 15 ஊர். பலர் சறுக்குவது இங்கேதான்: ஊர் கிடைக்கவில்லை என்று ஊருக்கு 100 பேரைச் சேர்ப்பார்கள். காரணி 5.95 ஆகிவிடும்; அப்போதும் பிரிவுக்கு 9 ஊர் வேண்டும், ஆட்களோ 900. ஊரைக் கூட்டுவதே லாபம். ஐசிசியை 0.02, 0.1 என்றும் மாற்றிப் போட்டுப் பாருங்கள்.

காப்பிப் பழம் பறிக்கும் பருவத்தில் வீட்டில் ஆள் இருக்காது. 10 சதவீத இழப்புக்கு 20-ஐ 0.9-ஆல் வகுங்கள், 1.1-ஆல் பெருக்காதீர்கள்: 23 பேர்.

ஒரே எஸ்டேட்டுக்கு வேலைக்குப் போகும் ஊர்களுக்குள்ளும் செய்தி பரவும்; அவற்றை ஒரே கிளஸ்டராக்குங்கள். மொத்தம் 40 கிளஸ்டருக்குக் கீழே என்றால் வழக்கமான ஜிஇஇ (ஊருக்குள் உள்ள ஒட்டுறவையும் கணக்கில் எடுக்கும் பகுப்பாய்வு முறை) திட்டப்பிழையை, அதாவது முடிவில் உள்ள நிச்சயமின்மையை, குறைத்துக் காட்டும். சிறுமாதிரித் திருத்தம் (கிளஸ்டர் குறைவாக இருப்பதைச் சரிக்கட்டும் கணக்கு) கட்டாயம், பிரிவுக்கு ஓர் ஊர் கூடுதலாகவும் வையுங்கள்.