மரத்தடி வெயிலைப் படமெடுப்பது: பொட்டு வெளுக்காமல், நிழல் சாம்பலாகாமல்

புளியமரத்தடியில் சில்லறைக் காசை இறைத்த மாதிரி வெயில் பொட்டுப் பொட்டாகக் கிடக்கும். பழைய தமிழில் இதற்கு ‘வரிநிழல்’ என்றே ஒரு சொல் உண்டு. படம் எடுத்துப் பார்த்தால் காசு இருந்த இடமெல்லாம் வெள்ளைத் திட்டு, நிழல் முழுக்கச் சாம்பல். பெரும்பாலும் இது வெளிச்சத்தை அளந்த இடத்தில் நடக்கும் தப்புதான். மேனுவல் மோடும் (ஷட்டர், அபர்ச்சரை நாமே வைப்பது) ரா ஃபைலும் (கேமரா பதியும் மூலக் கோப்பு) பழக்கம் என்று வைத்துக்கொண்டு தொடங்குகிறேன்.

1. மரமும் நேரமும்

நம் ஊர் வெயிலுக்குக் காலை ஏழரை முதல் ஒன்பது வரை, மாலை நாலு முதல் ஐந்தேகால் வரை. உச்சிவெயிலில் பொட்டுகள் சின்னதாக, வட்டமாக, முரட்டுத்தனமாக விழும். சூரியன் 30 டிகிரி உயரத்தில் இருக்கும்போது அதே பொட்டு அகலத்தைப் போல இரண்டு மடங்கு நீண்டு தரையில் படுத்திருக்கும். பார்க்க அதுதான் நன்றாக இருக்கும்.

புளி, வேம்பு என்றால் பொடிப்பொடியாகச் சிதறும். மாந்தோப்பில் சில பெரிய திட்டுகள் மட்டும். தென்னை கோடு போடும். தூங்குமூஞ்சி மரம் சாயங்காலம் இலையை மூடிக்கொள்வதால் ஐந்து மணிக்குமேல் அதனடியில் வெளிச்சம் கூடுதலாகவே இறங்கும். கொடைக்கானல் பைன் காட்டில் காலை மூடுபனி விலகும் நேரம் கிடைத்தால் பொட்டுக்குப் பதில் கதிர்களே தெரியும். அதற்குச் சூரியனைப் பார்த்தபடி நின்று, சூரியனை ஒரு மரத்தண்டுக்குப் பின்னால் மறைத்து எடுக்க வேண்டும். கதிர் தெரிய வேண்டுமென்று காட்டில் சருகைக் கொளுத்திப் புகை போடும் வேலை மட்டும் வேண்டாம்.

2. பொட்டு என்பது என்ன?

இலை இடுக்கு எந்த வடிவத்தில் இருந்தாலும் தரையில் விழுவது ஏன் வட்டமாக இருக்கிறது? ஒவ்வொரு இடுக்கும் ஓர் ஊசித்துளைக் கேமரா. தரையில் விழுவது சூரியனின் பிம்பம். இடுக்கிலிருந்து தரை வரை உள்ள தூரத்தை 108-ஆல் வகுத்தால் பொட்டின் அகலம் கிடைக்கும். 10 மீட்டருக்குச் சுமார் 9 செ.மீ. 2019 டிசம்பர் 26 கங்கண கிரகணத்தன்று, கோவை, திண்டுக்கல் வழியாகப் போன பாதையில் வானம் தெளிந்திருந்த இடங்களில், மரத்தடிப் பொட்டுகள் வளையல் வளையலாக விழுந்தது இதனால்தான். அடுத்த வாய்ப்பு 2031 மே 21.

இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 5 செ.மீ. இடுக்கு வழியாக வரும் ஒளி 9 செ.மீ. பொட்டாகப் பரவும்போது வெட்டவெளி வெயிலைவிட ஒன்றரை ஸ்டாப்புக்கு மேல் மங்கிவிடும் (ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதி). ‘நல்ல வெயிலுக்கு எஃப் 16, ஐஎஸ்ஓ 100, ஷட்டர் 1/100’ என்ற மனப்பாடக் கணக்கு இங்கே உதவாது. பொட்டையேதான் அளக்க வேண்டும்.

3. அளப்பது (இங்கேதான் எல்லோரும் வழுக்குகிறோம்)

‘ஸ்பாட் மீட்டரிங் (ஒரு சின்ன வட்டத்தை மட்டும் அளப்பது) வைத்தும் வெளுக்கிறதே’ என்பதுதான் வழக்கமான புலம்பல். ஸ்பாட் மீட்டர் பார்க்கும் வட்டம் பல கேமராக்களில் படச்சட்டத்தில் 2 முதல் 4 சதவீதம். பொட்டு அதைவிடச் சின்னதாக இருந்தால் சுற்றியுள்ள நிழலும் கணக்கில் சேரும். கேமரா ‘இருட்டாக இருக்கிறது’ என்று முடிவுகட்டி வெளிச்சத்தைக் கூட்டிவிடும். அதனால்:

முதலில் அபர்ச்சரை (லென்ஸ் துளையை) எஃப் 8-இல் நிறுத்துங்கள். கேமராவோடு வரும் 18-55 கிட் லென்ஸை முழுதாகத் திறந்துவைத்து ஜூம் செய்தால் அபர்ச்சர் தானாக 3.5-இலிருந்து 5.6-க்கு மாறி, எடுத்த அளவையே கெடுத்துவிடும். பிறகு ஜூமை 55-க்குக் கொண்டுபோய், பக்கத்தில் நெருங்கி, பொட்டு அந்த வட்டத்தை நிரப்பும்படி வைத்து அளங்கள். சருகு, செம்மண் என்றால் மீட்டர் +1 (ஒரு ஸ்டாப் கூடுதல்) காட்டும்படி ஷட்டரை மாற்றுங்கள். வெள்ளை வேட்டி, வெள்ளைப் பூ என்றால் +2 வரை. அப்படியே விட்டுவிட்டுப் பின்னால் வந்து ஃப்ரேம் வையுங்கள். மேனுவல் என்பதால் அளவு நகராது.

நெருங்க முடியாத இடமா? அதே மாதிரி பொட்டு கைக்கெட்டும் இடத்தில் இருந்தால் உள்ளங்கையை அதில் நீட்டி, கையை அளந்து +1 வையுங்கள்.

இதையெல்லாம் சாவகாசமாகச் செய்ய முடியாது. வானில் சூரியன் தன் அகலத்தைக் கடக்க 2 நிமிடம்தான். தரையில் பொட்டும் அதே 2 நிமிடத்தில் தன் அகலத்தைத் தாண்டிவிடும். ஃப்ரேமை முதலில் முடிவு செய்துவிட்டு, பொட்டு வந்து சேரும்வரை காத்திருப்பது சுலபம்.

நிழல் கறுத்துத்தான் போகும். போகட்டும். அதை எடிட்டிங்கில் தூக்கிவிட்டால் மேகமூட்டமான நாளில் எடுத்த படம் மாதிரி ஆகிவிடும்.

4. நிறம், ஃபில்டர்

ஆட்டோ ஒயிட் பேலன்ஸை அணைத்துவிட்டு 5500 கெல்வின் வையுங்கள். இலை வழியாக வரும் ஒளி பச்சையடிக்கும்; ரா ஃபைலில் டின்ட்டை (பச்சை-மெஜந்தா சாய்வை) மெஜந்தா பக்கம் 10 தள்ளினால் போதும். புது லென்ஸுக்குக் காசு சேர்ப்பதற்கு முன் ஒரு சிபிஎல் (வட்டப் போலரைசர்) ஃபில்டர் வாங்குங்கள் என்பேன். ஒன்றரை ஸ்டாப் வாங்கிக்கொள்ளும். ஆனால் இலைமேல் பளபளக்கும் வெள்ளை மினுக்கத்தைத் துடைத்துவிடும். காற்றடித்தால் ஷட்டர் 1/250-க்குக் கீழே போகாதீர்கள், ஐஎஸ்ஓ-வை ஏற்றிக்கொள்ளலாம்.

அகல லென்ஸ் எனக்குப் பிடிக்காது. மேலே வானத்து ஓட்டைகள் எல்லாம் வெள்ளையாக உள்ளே வந்துவிடும். 55-250 போன்ற ஒன்று, ஒரே ஒரு திட்டைப் பிடிக்க.

5. ஆள் நின்றால்

மூக்கில் ஒன்று, கன்னத்தில் ஒன்று என்று பொட்டு விழுந்தால் சிறுத்தைத் தோல்தான். முகம் முழுதும் நிழலில் இருக்கட்டும், வெயில் தோளிலோ கூந்தலிலோ விழட்டும். இல்லையென்றால் இரண்டு பேர் ஒரு மெல்லிய வெள்ளை வேட்டியை விரித்து, தலைக்கு மேல் சட்டத்துக்குள் வராதபடி பிடித்தால் பொட்டுகள் கரைந்துவிடும். கரை நிறம் முகத்தில் அடிக்கும், கரையை மடித்துவிடுங்கள்.

பிற்சேர்க்கை: போனில் எடுப்பவர்களுக்கு

பொட்டின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் ஃபோகஸும் வெளிச்சமும் பூட்டிக்கொள்ளும். பக்கத்தில் வரும் சூரியக் குறியைப் பொட்டுக்குள் சருகின் நரம்பு தெரியும்வரை கீழே இழுங்கள். ஹெச்டிஆரை அணைக்க வழியிருந்தால் அணைத்துவிடுங்கள். அது பல படங்களைச் சேர்த்து நிழலைத் தூக்கும். காற்றில் பொட்டு அசைந்துகொண்டே இருப்பதால் ஓரங்களில் இரட்டை விளிம்பும் விழும்.