பாலக்காடு பார்டர் பக்கம் புதுசா குடி வந்தவங்களுக்கு: ஆறாவது ஏழாவது படிக்கற புள்ள அடங்க மாட்டேங்குதா?

கோயமுத்தூர், பொள்ளாச்சி, திருப்பூர் பக்கமிருந்து கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம், கஞ்சிக்கோடுன்னு இந்தப்பக்கம் குடி வர்றவங்க முதல்ல கேக்கறது ரேஷன் கார்டு, கேஸ், வாடகை அட்வான்ஸ். அதுக்கெல்லாம் தெருவுக்கு நாலு பேர் வழி சொல்லுவாங்க. கூட்டத்துல கேக்காம தனியா வந்து மெதுவா கேக்கற கேள்வி ஒண்ணு இருக்கு, "ஏனுங்க, பையன் அங்க இருந்தப்ப நல்லாத்தான் இருந்தான், இங்க வந்ததுல இருந்து எதுக்கெடுத்தாலும் எரிஞ்சு விழறான், ஸ்கூல்ல இருந்து வேற கூப்பிட்டு விட்டுட்டாங்க"ன்னு. இது அவங்களுக்கு எழுதறது, முக்கியமா ஆன்லைன்ல பெத்தவங்களுக்கு கிடைக்கற பயிற்சிய எப்படி எடுத்துக்கறதுன்னு. பொண்ணுங்களுக்கும் இதேதான், பையன்னு எழுதறது கை பழக்கம்.

முதல்ல இங்க ஸ்கூல் கணக்கை தெரிஞ்சுக்கோங்க. அஞ்சு ஆறு ஏழு மூணும் யூபி (அப்பர் பிரைமரி), எட்டுல இருந்து ஹைஸ்கூல், நிறைய யூபி ஸ்கூல் ஏழோட முடிஞ்சிரும், அதனால ஆறாவதுல கொண்டுவந்து சேர்த்த புள்ள ரெண்டே வருஷத்துல மறுபடியும் புது ஸ்கூல், புது கூட்டாளின்னு ஆரம்பிக்கணும், அதுவும் மீசை அரும்பற நேரத்துல. சித்தூர் தாலுகாவுல தமிழ் மீடியம் இருக்கற ஸ்கூல் உண்டு (பாலக்காட்டு சித்தூர்ங்க, ஆந்திரா சித்தூர் இல்ல), அங்க சேர்த்தா கொஞ்சம் லேசு. கஞ்சிக்கோடு, பாலக்காடு டவுன்னு போயிட்டா மலையாள எழுத்தையே புள்ள அப்பத்தான் பார்க்குது, தப்பா படிக்குது, பக்கத்து பெஞ்சுல சிரிக்கறாங்க, இவன் கை நீட்டறான், மாஷ் (வாத்தியார்) கூப்பிட்டு விடறாரு. இதுல அப்பா வாரம் பூரா திருப்பூர்லயோ கோயமுத்தூர்லயோ வேலை, ஞாயித்துக்கிழமை மட்டும் வீடு. அம்மா தலையிலதான் எல்லாம்.

அதனால "புள்ளைக்கு பிஹேவியர் பிராப்ளம்"னு யாராவது சொன்ன உடனே முத்திரை குத்திக்காதீங்க. பாடம் புரியாம பண்ற சேட்டை, கண்ணு சரியா தெரியாம பண்ற சேட்டை, எழுத்து உண்மையிலயே ஏறாம பண்ற சேட்டை, எல்லாம் வெளிய பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். கண்ணு, காது ஒரு தடவை பார்த்திருங்க. படிப்புல சந்தேகம்னா பிஆர்சின்னு (பிளாக் ரிசோர்ஸ் சென்டர்) ஒரு ஆபீஸ் இருக்கு, அரசு பள்ளிக் கல்வித் திட்டமான சமக்ர சிக்‌ஷாவோடது, அங்க ஸ்பெஷல் டீச்சர்ஸ் இருப்பாங்க, கிளாஸ் டீச்சர் கிட்ட சொன்னா அவங்களே அனுப்புவாங்க.

இனி ஆன்லைன் விஷயத்துக்கு வருவோம். ஆன்லைன் கவுன்சிலிங்னாலே புள்ளைய ஒரு போன் முன்னாடி உக்கார வச்சா அதுல ஒருத்தர் பேசி திருத்தி குடுத்திருவாங்கன்னு நிறைய பேர் நினைச்சுட்டு இருக்காங்க. இந்த வயசு புள்ளைங்களுக்கு நல்லா வேலை செஞ்ச ஆன்லைன் ப்ரோக்ராம் பெரும்பாலும் அப்பா அம்மாவுக்கு நடத்தற கிளாஸ்தான். மாணவன் நீங்க. இது கேட்ட உடனே பாதிப்பேருக்கு கோவம் வரும், "நாங்க என்ன தப்பு பண்ணோம்"னு. தப்பு யாரோடதுங்கற பேச்சே இல்லைங்க, 24 மணி நேரமும் கூட இருக்கறது நீங்கதான், வாரத்துக்கு அரை மணி நேரம் பார்க்கற கவுன்சிலர் இல்ல, அவ்வளவுதான்.

இதுக்கு மூலம் அமெரிக்காவுல ஓரிகன் மாநிலம். அங்க யூஜீன்ங்கற ஊர்ல ஜெரால்ட் பேட்டர்சன்னு ஒரு உளவியல்காரரு, வீடு வீடா ஆளை அனுப்பி சண்டை எப்படி ஆரம்பிச்சு எப்படி முடியுதுன்னு குறிச்சு குறிச்சு வருஷக்கணக்கா பார்த்தாரு. அவர் கண்டுபிடிச்சது நம்ம வீட்டுல தினமும் ராத்திரி நடக்கறதுதான். அம்மா "போனை வை"ங்கறாங்க, பையன் முணுமுணுக்கறான், அம்மா சத்தம் போடறாங்க, பையன் அதுக்கு மேல கத்தி கதவை அடிச்சு சாத்தறான், அம்மா "எக்கேடோ கெட்டுப் போ"ன்னு விட்டுட்டு சமையலுக்கு போயிடறாங்க. அந்த நிமிஷம் வீடு அமைதி. பையனுக்கு போன் கிடைச்சுது, அம்மாவுக்கு நிம்மதி கிடைச்சுது, ரெண்டு பேருக்குமே லாபம், அதனால நாளைக்கும் இதேதான் நடக்கும், ஆனா நாளைக்கு இன்னும் கொஞ்சம் சத்தமா. சில நாள் அம்மா அடிச்சு வாங்கிடுவாங்க, அப்ப அம்மாவுக்கு அடி வேலை செய்யுதுன்னு ஆகிடும், அடுத்த தடவை கை சீக்கிரம் ஓங்கும். கத்தினா ஜெயிக்கலாம்ங்கற பாடத்தை புள்ள அப்படியே ஸ்கூலுக்கு கொண்டு போகுது. இதை உடைக்கறதுதான் இந்த ப்ரோக்ராம் எல்லாத்துக்கும் அடிப்படை, மத்ததெல்லாம் மேல் பூச்சு.

அதே வழியில வந்தவர் தாமஸ் டிஷியன்னு ஒருத்தர், அவரும் கூட்டாளிகளும் பண்ணதுக்கு பேரு ஃபேமிலி செக்கப். பெயருக்கேத்த மாதிரி முதல்ல குடும்பத்தை பரிசோதிக்கறது, கேள்வி கேட்டு, எது நல்லா போகுது எதுல ஓட்டைன்னு உங்களுக்கே எடுத்துக் காட்டறது, நல்லதை முதல்ல சொல்லுவாங்க. அப்புறம் எதுல வேலை பண்ணணும்னு நீங்களே எடுத்துக்கலாம், பாராட்டறதா, ரூலா, படிப்பா. மிடில் ஸ்கூல் புள்ளைங்க குடும்பத்துக்குன்னு இதை ஆன்லைன்ல போட்டு ஓரிகன்ல 322 குடும்பத்தை வச்சு சோதிச்சாங்க, 2019ல முடிவு வெளிய வந்துச்சு. மூணு கூட்டமா பிரிச்சாங்க: ஒரு கூட்டத்துக்கு வெப்சைட் மட்டும், ஒரு கூட்டத்துக்கு வெப்சைட்டோட போன்ல பேசற ஒரு கோச், இன்னொண்ணு அப்போதைக்கு எதுவும் குடுக்காம காத்திருப்பு லிஸ்ட்ல வச்ச கூட்டம். புள்ளைங்களோட மனக்கஷ்டம் குறைஞ்சதும், "என்னால சமாளிக்க முடியும்"ங்கற தைரியம் பெத்தவங்களுக்கு வந்ததும் கோச் இருந்த கூட்டத்துலதான் நல்லா தெரிஞ்சுது.

இந்த ஒரு விஷயத்தை மட்டும் கெட்டியா பிடிச்சுக்கோங்க. வீடியோ பார்க்கறது எளிது, யூட்யூப்ல மலை மாதிரி கிடக்கு, மூணாவது நாள் பாத்திரம் கழுவறப்ப ஓடவிட்டுட்டு மறந்துருவோம். "போன வாரம் சொன்னீங்களே, பண்ணிப் பார்த்தீங்களா"ன்னு கேக்க ஒரு ஆள் வேணும். பார்டர் ஊர்ல இருந்துட்டு அந்த ஆளை எங்க பிடிக்கறதுங்கறதுதான் நம்ம பிரச்சனை, அதுக்கு வழி இருக்கு, கீழ சொல்றேன்.

பாடத்துக்கு எங்க போறது? இங்கிலீஷ் ஓரளவு புரியும்னா கோர்ஸெராங்கற ஆன்லைன் கோர்ஸ் வெப்சைட்ல யேல் யூனிவர்சிட்டி உளவியல்காரரு ஆலன் கேஸ்டின் நடத்தற பேரண்டிங் கோர்ஸ் இருக்கு, வளவளன்னு இல்லாம சின்ன சின்ன வீடியோ, எனக்கு தெரிஞ்சு ஆரம்பிக்கறவங்களுக்கு இதுதான் நல்லது, சர்ட்டிபிகேட் வேண்டாம்னா காசில்லாம பார்க்கற ஆப்ஷன் இருக்கான்னு முதல்ல பாருங்க. ஆஸ்திரேலியாவுல குயின்ஸ்லேண்ட் யூனிவர்சிட்டில இருந்து வந்த ட்ரிபிள் பிங்கற பேரண்டிங் ப்ரோக்ராமோட ஆன்லைன்லயும் பெரிய புள்ளைங்களுக்குன்னு தனியா டீன் கோர்ஸ் இருக்கு. உலக சுகாதார நிறுவனமும் யூனிசெஃபும் சேர்ந்த பேரண்டிங் ஃபார் லைஃப்லாங் ஹெல்த்ல 10ல இருந்து 17 வயசு புள்ளைங்களுக்கு ஒரு ப்ரோக்ராம், 14 வாரப் பாடம், தென்னாப்பிரிக்காவுல ஏழை ஜனங்களோட 552 குடும்பத்துல சோதிச்சது, புத்தகம் ஃப்ரீ. கையில காசில்லாத, ஒருத்தரே புள்ளைய வளர்க்கற வீடுகளை மனசுல வச்சு எழுதினதால நம்ம நிலைமைக்கு இது ரொம்ப ஒத்து வரும்ங்கறது என் அபிப்பிராயம். இங்கிலீஷ் வராதுன்னா பக்கத்து வீட்டு காலேஜ் பொண்ணை கூப்பிட்டு ஒரு பாடத்தை படிச்சு சொல்லச் சொல்லுங்க, வெக்கப்பட ஒண்ணுமில்ல.

கோச்சுக்கு: முதல்ல டெலி மானஸ், போன்லயே மனநல ஆலோசனை சொல்றது, நம்பர் 14416. 2022 அக்டோபர்ல ஆரம்பிச்ச மத்திய அரசு சர்வீஸ், காசு கிடையாது, நடு ராத்திரியும் எடுப்பாங்க, மொழி கேக்கும், தமிழ் எடுத்துக்கலாம். "பையன் சொன்ன பேச்சு கேக்கறதில்ல"ன்னு மொட்டையா சொன்னா மொட்டையாத்தான் பதில் வரும். "எத்தனை மணிக்கு, எதுக்கு ஆரம்பிக்குது, நான் என்ன சொன்னேன், அவன் என்ன பண்ணான், எப்படி முடிஞ்சுது"ன்னு ஒரு வாரம் நோட்டுல எழுதி வச்சுட்டு கூப்பிடுங்க, பேச்சு வேற லெவல்ல போகும். கேரளா அரசோட சுகாதார உதவி லைன் திசா நம்பர் 1056, அதுவும் எந்நேரமும் உண்டு. வேலந்தாவளம், கோபாலபுரம் பக்கம் டவர் தமிழ்நாட்டுக்கு தாவிடும், அப்ப இந்த சின்ன நம்பர் போகலைன்னா 0471 2552056 போடுங்க. புள்ளைங்களே நேரா பேசறதுக்கு கேரளா போலீஸ் 2020ல கொரோனா டைம்ல ஆரம்பிச்ச சிரி இருக்கு, 9497900200. போலீஸ்னு பயப்பட வேண்டாம், கேஸ் எல்லாம் போட மாட்டாங்க, பேசறதுக்குத்தான். போன் பைத்தியம் முத்திப்போச்சுன்னா அதே போலீஸோட டி-டாட் சென்டர் திருச்சூர்ல இருக்கு.

ஆனா வாரா வாரம் கேக்கற ஆள்னா ஸ்கூல் கவுன்சிலர்தான். நிறைய அரசு ஸ்கூல்ல பெண்கள் குழந்தைகள் நலத்துறை போட்ட கவுன்சிலர் வர்றாங்க, இங்க வந்து வருஷக்கணக்காகியும் இது தெரியாதவங்க இருக்காங்க. நீங்க ஆன்லைன்ல என்ன பாடம் எடுத்துக்கறீங்கன்னு அவங்ககிட்ட சொல்லி, வாரம் ஒரு தடவை பத்து நிமிஷம் போன்ல கேளுங்கன்னு கேட்டுப் பாருங்க. மலையாளம் வராதேன்னு தயங்காதீங்க, இந்தப் பக்கம் டீச்சர்ஸ் தமிழ் நல்லா புரிஞ்சுக்குவாங்க. எழுத்துல குடுக்கணும்னா தமிழ்லயே குடுக்கலாம், மொழிச் சிறுபான்மை பகுதின்னு அறிவிச்ச இடங்கள்ல இருக்கற அரசு ஆபீஸுக்கு தமிழ்ல எழுத 1969 கேரளா ஆட்சிமொழி சட்டத்துலயே இடம் இருக்கு.

வீட்டுல ஆரம்பிக்கறப்ப எல்லா ரூலையும் ஒரே நாள்ல போடாதீங்க, ஒண்ணு எடுங்க, எட்டு மணிக்கு மேல போன் டிவி ஸ்டாண்டுக்கு போயிரணும், அவ்வளவுதான். சொல்றப்ப பக்கத்துல போய், ஒரு தடவை, சாதாரண குரல்ல. வச்சானா உடனே "சொன்ன உடனே வச்சுட்டயே கண்ணு"ன்னு அந்த வேலையை குறிச்சு சொல்லுங்க, "நல்ல பையன்"னு பொதுவா சொன்னா அவனுக்கு எதுக்குன்னே தெரியாது. வைக்கலைன்னா மறுநாள் அரை மணி நேரம் கட், கத்தினாலும் அதே அரை மணி நேரம்தான், கோவத்துல "ஒரு மாசம் போனே கிடையாது"ன்னு சொல்லிட்டு ரெண்டாவது நாள் குடுத்தா எல்லாம் போச்சு. ஆரம்பத்துல கொஞ்ச நாள் கத்தல் அதிகமாத்தான் ஆகும், பழைய வித்தை ஏன் பலிக்கலைன்னு பார்ப்பான், அந்த நேரத்துலதான் நிறைய பேர் விட்டுடறாங்க. அப்பாவுக்கும் அதே வீடியோவை அனுப்புங்க, திருப்பூர் ரூம்ல உக்காந்து பார்க்கலாம். ஆன்லைன்ல இது பெரிய வசதி. இல்லைன்னா அம்மா ஆறு நாள் கட்டின ரூலை ஞாயித்துக்கிழமை பிரியாணியோட சேர்த்து அப்பா உடைச்சுட்டு பஸ் ஏறிடுவாரு. அப்பச்சி அம்மாயி கூட இருந்தாங்கன்னா அவங்ககிட்டயும் முன்னாடியே சொல்லி வச்சிருங்க.

எங்க போறான், யாரோட போறான்னு தெரிஞ்சு வச்சுக்கறதும் பாதி வேலை, டிஷியன் ஆளுங்க இதுல ரொம்ப குறியா இருப்பாங்க. போலீஸ்காரன் மாதிரி கேக்காதீங்க, கூட்டாளிங்களை வீட்டுக்கு வரச்சொல்லி ரெண்டு பஜ்ஜி போட்டு குடுத்தா எல்லாம் தானா தெரியும். இன்னொண்ணும் அவரே 1999ல எழுதினது: சேட்டைக்கார பசங்களையே ஒண்ணா சேர்த்து குரூப்பா திருத்தப் பார்த்தா சில சமயம் ஒருத்தன்கிட்ட இருந்து ஒருத்தன் கத்துக்கிட்டு இன்னும் மோசமாகுது. அதனால "ஒழுக்கப் பயிற்சி முகாம், பத்து நாள்ல பையன் மாறிடுவான்"னு நோட்டீஸ் வந்தா காசை பத்திரமா வச்சுக்கோங்க. எட்டாவது வந்ததும் ஸ்டூடண்ட் போலீஸ் கேடட்ல சேர கேட்டுப் பாருங்க, அங்க எல்லா மாதிரி புள்ளைங்களும் இருப்பாங்க, அது வேற விஷயம்.

ஸ்கூல்ல அடிச்சாங்கன்னா 2009 கல்வி உரிமை சட்டம் 17ஆவது பிரிவுல அடிக்கறதும் மனசு நோகப் பேசறதும் கூடாதுன்னு இருக்கு, ஹெட்மாஸ்டர்கிட்ட எழுதிக் குடுங்க, கேக்கலைன்னா குழந்தைகள் உதவி நம்பர் 1098.

எல்லாத்துக்கும் ஆன்லைன் போதாது. சாகறேன்னு பேசினாலோ, கையை கிழிச்சுக்கிட்டாலோ, வீட்டுல யாரையாவது நிஜமா காயப்படுத்தினாலோ கோர்ஸை மூடி வச்சுட்டு அன்னைக்கே டாக்டர். பாலக்காடு ஜில்லா ஆஸ்பத்திரி போகலாம், தமிழ்ல மனசு விட்டு பேசணும்னா கோயமுத்தூர் கவர்மெண்ட் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரி மனநல பிரிவு, வாளையார் தாண்டினா அவ்வளவு தூரம் இல்ல. உதட்டுக்குள்ள அடக்கி வைக்கற புகையிலை பாக்கெட், கஞ்சா இந்த மாதிரி சந்தேகம் இருந்தா கேரளா எக்சைஸ் துறையோட போதை மீட்பு உதவி நம்பர் விமுக்தி 14405.

ஆரம்பிக்க நல்ல நேரம் ஜூன்ல ஸ்கூல் திறக்கறதுக்கு முன்னாடி, அதை விட்டுட்டீங்கன்னா ஓணம் பரீட்சை முடிஞ்சு வர்ற லீவு. பரீட்சை வாரத்துல புது ரூல் எதுவும் போடாதீங்க.