மலையகத்தில் பாட்டெழுத வருவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இலங்கை மலையகத்தின் ஹட்டனிலும் பதுளையிலும் பாட்டெழுதும் இளையவர்களோடு உட்காரும்போதெல்லாம், எங்கள் தலைமுறை செய்த பிழைகளையே அவர்களும் செய்வதைக் காண்கிறேன். சுருதி விலகுவதும் தாளம் தப்புவதும் பயிற்சியில் சரியாகிவிடும் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

ஊர்ச்சொல்லை ஒதுக்குதல்

தொழிலாளர் காலையில் வேலைக்குத் திரளும் பெரட்டுக்களத்தையும், பறித்த கொழுந்தை நிறுக்கும் கொழுந்து மடுவத்தையும் அன்றாடம் பார்ப்பவர், பாட்டென்று வந்ததும் மலையின் பசுமையைப் புகழ்ந்தே மூன்று சரணங்களையும் முடித்துவிடுகிறார். இடுப்பில் கட்டிய முரட்டுத் துணியான படங்கு மழையில் ஊறிக் கனப்பதை ஒரு வரியில் எழுதினால், கேட்பவர் அந்த மலையிலேயே நிற்பார்.

சினிமா மெட்டில் எழுதுதல்

பழகுவதற்கு எழுதலாம், வெளியிடக் கூடாது.

எழுத்தில் எதுவுமில்லாமல் பாட்டைக் கொடுத்தல்

இதை நினைத்தால் இன்றும் ஆத்திரம் வருகிறது. பொகவந்தலாவைப் பக்கத்து இளைஞர் ஒருவர், வரியும் மெட்டும் தாமே அமைத்த பாட்டை, கட்டணத்தைக் குறைப்பதாகச் சொன்ன ஒரு ஸ்டூடியோவிடம் வாய்ப்பேச்சை நம்பி ஒப்படைத்தார். பாட்டு யூடியூப்பில் வந்தபோது பாடலாசிரியர் என்று வேறொருவரின் பெயர் இருந்தது. அதே பாட்டைத் திருவிழா மேடையில் அந்த இளைஞர் பாடிய காணொளியைத் தம் பக்கத்தில் ஏற்றியதும், பதிப்புரிமைக் கோரல் அவர்மீதே வந்தது. கேட்கப் போனவரிடம், "தம்பி, இது ஒங்க பாட்டுங்கிறதுக்கு என்ன ஆதாரம் இருக்கு?" என்றார்கள். அவரிடம் ஒரு துண்டுக் காகிதமும் இல்லை.

இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, பாட்டைப் படைத்தவுடனே உரிமை படைத்தவரைச் சேர்கிறது. பதிவு செய்ய வேண்டியதில்லை. அவர் ஆயுள் முழுவதும், அதன்பின் 70 ஆண்டுகளும் அது நிலைக்கிறது. ஆனால் படைத்தவர் யார் என்ற வழக்கு எழுந்தால் சான்று வேண்டும். ஆகவே ஸ்டூடியோ வாசலை மிதிக்கும் முன்பே மெட்டைக் கைப்பேசியில் பாடிப் பதிந்து, வரிகளோடு உங்கள் மின்னஞ்சலுக்கே அனுப்பி வையுங்கள். வரி, மெட்டு, இசைக்கோப்பு, குரல் ஆகியவை யாருடையவை, ஒலிப்பதிவு யாருக்குச் சொந்தம், வருமானம் எப்படிப் பிரியும் என்பவற்றைத் தனித்தனியே எழுதி, இரு தரப்பும் கையொப்பமிடுங்கள். தெரிந்தவர்தானே என்று கூச்சப்பட்டு இதைத் தள்ளிப்போடுகிறவர்களே அதிகம். தோட்டத் தொழிலாளருக்காகக் கூட்டங்களில் பாடிய மீனாட்சியம்மாளின் பாட்டுகள் 1940இல் அவர் பெயரோடு நூலாக அச்சேறியதால்தான், அவை அவருடையவை என்று இன்று உறுதியாகச் சொல்கிறோம்.

விருதுக்காக எழுதுதல்

வேண்டாம்.

மூத்தோர் பாட்டுக்குத் தன் பெயர் போடுதல்

அம்மாயியிடம் கேட்ட ஒப்பாரியையும் மன்மதன் கதையை ஆடும் காமன் கூத்துப் பாட்டையும் இரண்டு சொல் மாற்றித் தம்முடையதாக்குவது களவு. மலையக எழுத்தாளர் சி. வி. வேலுப்பிள்ளை தோட்டத்துப் பாட்டுகளைத் தேடித் தொகுத்தபோது, மக்கள் பாடல்களென்றே அவற்றை முன்வைத்தார். பழைய பாட்டிலிருந்து பல்லவியை எடுத்தால் அதை வெளிப்படையாகச் சொல்லி, பாடிக்காட்டியவர் சம்மதித்தால் அவர் பெயரையும் தோட்டத்தையும் உங்கள் பெயருக்கு மேலே போடுங்கள்.